நகரத்தில் நடமாடும் மனநல அவசரக் குழு: தலைமை ஏற்பவர் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

வடசென்னை_அறக்கட்டளை

சென்னையில் மனநல நெருக்கடி அழைப்புகளுக்கு வீடு தேடிப் போகிற குழு ஒன்றைத் தொடங்கும் வேலை நடக்கிறது. ஒரு வேன், மனநலச் செவிலியர் ஒருவர், மனநல சமூகப் பணியாளர் ஒருவர், ஓட்டுநர், போனில் ஒரு மனநல மருத்துவர். இவ்வளவுதான் இப்போதைய திட்டம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசினால் ஆலோசனை கிடைக்கிறது. 108 உடம்புக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில், "ரெண்டு நாளா தூங்கல, ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு யாரையும் விடமாட்டேங்கிறான்" என்கிற வீட்டுக்குப் போக யாரும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் குழு.

எந்த வண்டி, என்ன மருந்து, எத்தனை பேர், போலீஸை எப்போது கூப்பிடுவது? இந்த நான்குக்கும் களத்தில் இருப்பவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அடையாறு_சமூகப்பணி

நான்கும் தேவையான கேள்விகள்தான். ஆனால் வண்டி வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஏற்றிய ஆளை யார் வாங்கிக்கொள்வார்கள்? அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஆள் கணக்கு.

24 மணி நேரமும் என்றால் ஆண்டுக்கு 1,095 ஷிப்ட். வார ஓய்வு, அரசு விடுமுறை, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, பயிற்சி நாள் எல்லாம் போக ஒருவர் வேலைக்கு வருவது ஏறத்தாழ 265 நாள். ஆக ஒரு இருக்கைக்கு நாலு பேருக்கு மேல் வேண்டும். ஐந்து என்று வைத்தால்தான் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் வண்டி நிற்காது. செவிலியர், சமூகப் பணியாளர், ஓட்டுநர் மூன்று இருக்கைக்கும் 15 பேர். இது ஒரு வண்டிக்கு மட்டும்.

மாநகராட்சிப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். மணலியில் நிற்கிற வண்டி மாலை ஆறு மணிக்கு சோழிங்கநல்லூர் போய்ச் சேர்வதற்குள் நெருக்கடியே வேறு கட்டத்துக்குப் போயிருக்கும். 15 பேருக்குப் பணம் இல்லையென்றால் 24 மணி நேரம் என்று விளம்பரம் செய்யாதீர்கள். வடக்கே மூன்று மண்டலம், ஒரு நாளைக்கு ஒரு ஷிப்ட் என்று தொடங்குங்கள். எந்த ஷிப்ட் என்பதை உங்கள் பகுதியின் அழைப்புப் பதிவை நாலு வாரம் பார்த்து முடிவு செய்யுங்கள். எழுதிக் கொடுத்த நேரத்துக்கு வராத குழுவை இரண்டாவது தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

---

இரவுப்பணி_செவிலி

போனை எடுக்கிறவங்கதான் குழுவில் முதல் ஆள். பெயர், முகவரி, "என்ன பிரச்சினை" மூணை மட்டும் வாங்கிட்டு வண்டியை அனுப்பக் கூடாது. மேசையில் ஒட்டி வைக்க வேண்டிய கேள்விகள்:

அவர் இந்த நிமிஷம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கார்? கையில் என்ன இருக்கு, கைக்கெட்டுற தூரத்தில் என்ன இருக்கு? அரிவாள்மனை, கத்தி, மண்ணெண்ணெய் என்று பேர் சொல்லிக் கேளுங்க. "ஆயுதம் இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். கேஸ் ரெகுலேட்டரை மூடியாச்சா? கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கா? எத்தனையாவது மாடி, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கா? கிணறு, சம்ப்? கடைசியா எப்போ தூங்கினார், எப்போ சாப்பிட்டார்? சர்க்கரை, வலிப்பு உண்டா? தலையில் அடி? குடிப்பாரா, கடைசியா குடிச்சது எப்போ? எந்த மாத்திரையை எப்போ நிறுத்தினார்? வீட்டில் குழந்தை, வயசானவங்க, கைக்குழந்தையோட இருக்கிற பெண் யாராவது? யார் சொன்னா கேட்பார்?

கடைசிக் கேள்விக்கு நிறைய வீட்டில் "சின்ன மாமா", "கீழ் வீட்டு அக்கா" என்று ஒரு பேர் வரும். நாம் போய்ச் சேர்றதுக்குள் அந்த ஆள் அங்கே இருக்கணும். வண்டி கிளம்பின பிறகும் போனை வைக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் நிலைமை மாறிடும்.

---

மருத்துவர்_கி

மேலே உள்ள பட்டியலில் குடி பற்றிய கேள்வி ஏன் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தினமும் குடிப்பவர் நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் வரலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து நேரம் இடம் தெரியாமல் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, வியர்த்து, பதறுவார். குடும்பம் அதை "பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்று சொல்லும். அது உயிருக்கு ஆபத்தான உடல் நிலை. போக வேண்டிய இடம் பொது மருத்துவமனை அவசரப் பிரிவு.

ஆகவே மனநல மதிப்பீட்டுக்கு முன் ஐந்து எண்: ரத்தச் சர்க்கரை, ஆக்சிஜன் அளவு, நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம். அவர் சம்மதித்தால் மூன்று நிமிட வேலை. சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் வேறு பேச்சே இல்லை, குளுக்கோஸ்தான். நீண்டநாள் குடிப்பவர், பட்டினி கிடந்தவர் என்றால் கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. மே மாதம் தெருவில் சுற்றியவர் உளறுகிறார், உடம்பு 40 டிகிரி செல்சியஸ் என்றால் அது வெப்பவாதம். முன்பு மனநோயே இல்லாத அறுபது வயதுக்காரர் நேற்று சாயங்காலத்திலிருந்து திடீரென்று மாறிவிட்டார் என்றால் கிருமித் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், தலைக்காயம் எல்லாம் நினைவுக்கு வர வேண்டும்.

தற்கொலை முயற்சி அழைப்புகளில் நம் ஊருக்கே உரிய ஆபத்துகள் உண்டு. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, பிறகு நன்றாக உட்கார்ந்து பேசுவார். "கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல" என்பார். மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைக் கெடுப்பது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். பாராசிட்டமால் மாத்திரைகளும் அப்படித்தான், மாற்று மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அரளி விதை இதயத் துடிப்பைக் குலைக்கும். ஈசிஜி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைச்சாயம் குடித்தால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும்.

இவர்கள் யாரையும் உட்காரவைத்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. டப்பாவையோ உறையையோ கையோடு எடுத்து, 108-இல் பொது மருத்துவமனைக்கு. சமூகப் பணியாளர் கூடவே போகட்டும். மனநலப் பகுதி அங்கே படுக்கையருகில் தொடங்கும்.

---

சட்டப்பிரிவு

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குழுத் தலைவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை.

பிரிவு 94, அவசர சிகிச்சை. வீட்டிலும் தரலாம், ஆனால் அதிகாரம் பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். உயிருக்கோ உடல்நலத்துக்கோ மீளாத ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு, நோயின் காரணமாகச் சொத்துக்குப் பெரும் சேதம், இவற்றை உடனே தடுக்க வேண்டிய நிலை இருக்க வேண்டும். நியமனப் பிரதிநிதி (இந்தச் சட்டப்படி நோயாளியின் சார்பில் பேசுபவர்) அங்கே இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அருகிலுள்ள மனநல நிறுவனத்துக்குக் கொண்டுபோவதும் இதே பிரிவில் அடங்கும். 72 மணி நேரம், அல்லது அங்கே மதிப்பீடு முடியும் வரை, எது முந்தியோ அது.

பிரிவு 100, காவல்துறையின் கடமை. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரையும், நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் வேலை.

பிரிவு 89, ஆதரவுடன் கூடிய அனுமதி, அதாவது முடிவெடுக்க அதிக உதவி தேவைப்படுபவரை மனநல நிறுவனத்தில் சேர்ப்பது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அன்றைக்கோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. "அண்ணன் கையெழுத்துப் போட்டார், தூக்கிட்டு வந்தோம்" என்பது இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவே கிடையாது. "கேஸ் ஆகிடுமோ" என்று விஷம் குடித்ததை மறைக்கிற குடும்பத்திடம் இதை வாசலிலேயே சொல்லுங்கள், மறைத்ததை அப்போதே சொல்லிவிடுவார்கள். பிரிவு 24: சம்மதம் இல்லாமல் படமோ விவரமோ ஊடகத்துக்குப் போகக் கூடாது. உங்கள் அறக்கட்டளையின் முகநூல் பக்கத்திலும் "மீட்புப்" படம் போடாதீர்கள்.

---

ஓய்வு_எஸ்ஐ

போலீஸ் எப்போ வேணும்: கையில் வெட்டுற பொருள், தீ, பூட்டிய அறைக்குள் இன்னொரு உயிர், மொட்டை மாடி விளிம்பு. கடைசிக்குத் தீயணைப்புத் துறையும் சேர்த்து. மற்றபடி வேண்டாம். காக்கி வாசலில் நின்றால் பாதிப் பேருக்கு பயம் இரட்டிப்பாகும், "என்னைப் பிடிக்க வர்றாங்க"ன்னு ஏற்கெனவே நம்புகிறவருக்கு அது உறுதியாகவே ஆகிவிடும். வந்தால் மப்டியில், லத்தி ஜீப்பில், ஒருத்தர் மட்டும் கண்ணில் படுகிற மாதிரி. மற்றவர்கள் கூட்டத்தைக் கலைக்கட்டும், போனில் படம் எடுப்பவர்களை நிறுத்தட்டும். அதுதான் போலீஸ் செய்யக்கூடிய பெரிய உதவி.

இன்னொன்று. 2022-லிருந்து சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகம். மாநகராட்சி எல்லையும் ஆணையரக எல்லையும் ஒன்றில்லை. ஒரே ஆணையரிடம் கடிதம் வாங்கிவிட்டு நகரம் முழுக்கச் சுற்றலாம் என்று நினைக்காதீங்க. கடிதம் மேலே வாங்கணும், பழக்கம் கீழே நிலையத்தில் வேணும். ஆய்வாளர் மாறிக்கொண்டே இருப்பார். நிலைய எழுத்தர் கையில் உங்கள் எண்ணும், பிரிவு 100-இன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை நடக்கும்.

---

பராமரிக்கும்_தங்கை

குடும்பத்தின் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று. "கோயிலுக்குப் போறோம்", "ரத்தப் பரிசோதனைக்குத்தான்" என்று பொய் சொல்லி ஏற்றாதீர்கள், குடும்பம் கெஞ்சினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு நாள் வேலை சுலபமாக முடியும். அதற்கப்புறம் அவர் அக்கா கொடுக்கிற சாப்பாட்டைக்கூட சந்தேகப்படுவார், அடுத்த தடவை கதவே திறக்காது. ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம், எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவார், போன் கையில் இருக்கலாமா, எப்போது திரும்பலாம் என்று தெரிகிற வரை உண்மையைச் சொல்லுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். குழு கிளம்பிப் போன பிறகும் நாங்கள் அதே வீட்டில்தான் அவரோடு இருக்க வேண்டும்.

---

வடசென்னை_அறக்கட்டளை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் சார், பிரிவு 94 மருத்துவருக்குத்தான் என்றால், போனில் அவர் சொல்லச் சொல்ல செவிலியர் ஊசி போடலாமா? வண்டியில் என்னென்ன மருந்து வைக்கலாம்?

---

மருத்துவர்_கி

போன் உத்தரவில் மயக்க ஊசி போடும் குழுவாக இதை அமைக்காதீர்கள். வேலூர் சிஎம்சி-யில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஆவேசமாக இருந்த 200 பேருக்கு அமைதிப்படுத்தும் ஊசிகளை ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் லோராசெபம் 4 மில்லிகிராம், மறுபக்கம் ஹாலோபெரிடால் 10 மில்லிகிராமுடன் புரோமெத்தசின் 25 முதல் 50. இரண்டுமே அமைதிப்படுத்தின, இரண்டாவது இன்னும் வேகமாக. ஆனால் அது மருத்துவமனை அவசரப் பிரிவில், மூச்சு நின்றால் குழாய் போட ஆள் பக்கத்தில் இருக்கிற இடத்தில் நடந்தது. புரசைவாக்கம் சிக்னலில் நிற்கிற வேனில் அந்த வசதி கிடையாது.

பெரும்பாலான வீடுகளில் பேச்சும், அவரே சம்மதித்து வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் போதும். ஊசி தேவைப்படும் அழைப்பு என்றால் மருத்துவர் நேரில் வர வேண்டும், ஆம்புலன்ஸும் வர வேண்டும். போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு, நாடி, அழுத்தம், ஆக்சிஜன், கூப்பிட்டால் முழிக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். குடித்திருப்பவருக்கு லோராசெபம் மூச்சை அடக்கும். ஓலன்சபின் என்கிற இன்னொரு அமைதிப்படுத்தும் ஊசியையும் லோராசெபம் ஊசியையும் சேர்த்துப் போடவே கூடாது. லோராசெபம் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. சென்னை வெயிலில் டேஷ்போர்டு பெட்டியில் கிடந்ததை நம்பாதீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருகிற மருந்து அது; இரட்டைக் கையெழுத்துப் பதிவேடு வேண்டும்.

---

இரவுப்பணி_செவிலி

வண்டி பத்திக் கேட்டீங்க. பெரிய டிராவலர் வேண்டாம், புளியந்தோப்பு, வியாசர்பாடி சந்துக்குள்ள போகாது. ஏழு இருக்கை கார் போதும். வெளியே "மனநல மீட்பு ஊர்தி"ன்னு எழுதாதீங்க. அந்தத் தெருவில் அந்தக் குடும்பம் அப்புறமும் வாழணும். சைரன் வேண்டாம்.

உட்காருற முறை: வர்றவர் பின் இருக்கையில் இடது பக்கம், பக்கத்தில் நம்ம ஆள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் அவரை உட்கார வைக்கவே கூடாது. பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருக்கா என்று ஒவ்வொரு ஷிப்டும் கையால் இழுத்துப் பாருங்க. கத்தரி, ஸ்பேனர், தீயணைப்பான், ஊசிப் பெட்டி எல்லாம் பின்னால் பூட்டிய டிக்கியில். பெண் என்றால் குழுவில் பெண் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. ரோஸ்டர் போடும்போதே இதைப் பார்த்துடுங்க.

வீட்டு வாசலில்: கதவுக்கு நேரா நிக்காம ஒரு பக்கமா ஒதுங்கி நில்லுங்க. உள்ளே போனா ரெண்டு கை தூரம், அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிக்கக் கூடாது. ஒருத்தர் மட்டும் பேசணும். பேர் சொல்லி, சின்னச் சின்ன வாக்கியமா, பதிலுக்குக் காத்திருந்து. குரல் கேட்குதுன்னு சொன்னா "அப்படி ஒண்ணும் கேட்கல"ன்னு வாதாட வேண்டாம், "சரி, கேட்குது"ன்னு ஆமாம் போடவும் வேண்டாம். "அது உங்களை ரொம்பப் படுத்துது போல, தூங்கவே விடலையா?" என்று கேளுங்க. டீ வேண்டாம், பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணி. வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் புகார் சொல்லிட்டிருப்பாங்க, சமூகப் பணியாளர் அவங்களை அடுத்த அறைக்கோ வாசலுக்கோ கூட்டிட்டுப் போயிடணும். அதிலேயே பாதிச் சத்தம் அடங்கும்.

பிடிக்க வேண்டிய நிலை வந்தா: குப்புறப் போட்டு அழுத்தக் கூடாது, முதுகில் முழங்கால் கூடாது, கழுத்துப் பக்கம் கையே போகக் கூடாது. மூச்சடைச்சுச் செத்துப்போறது சில நிமிஷத்தில் நடக்கும். சங்கிலி, கயிறு எந்த வடிவத்திலும் வேண்டாம். சங்கிலியைச் சட்டமே தடுக்குது. ஒருத்தர் வேலை முகத்தையும் மூச்சையும் பார்க்கிறது மட்டும்தான். அவர் "விடு"ன்னு சொன்னா எல்லாரும் விடணும்.

---

அடையாறு_சமூகப்பணி

இப்போது ஒப்படைப்பு. நகரக் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். குடித்துவிட்டுத் தற்கொலை பேசுகிறவரைக் கொண்டுபோனால் மனநல மருத்துவமனை "போதை தெளிஞ்சு, உடம்பு பார்த்துட்டு வாங்க" என்கிறது. பொது மருத்துவமனை "இது மனநலக் கேஸ்" என்கிறது. நடுவில் வண்டி நான்கு மணி நேரம் வாசலில் நிற்கும். அந்த நான்கு மணி நேரமும் நகரத்தில் குழுவே இல்லை என்று அர்த்தம்.

இதற்கு மருந்து, தொடங்கும் முன்பே எழுத்தில் முடித்த உடன்பாடு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, உங்கள் எல்லையில் உள்ள பொது மருத்துவமனைகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த எண்கள் இருந்தால் எங்கே என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். நினைவு தெளிவில்லை, காய்ச்சல், வலிப்பு, தலைக்காயம், விஷம், சர்க்கரை மாறுபாடு இருந்தால் பொது மருத்துவமனை. இவை எதுவும் இல்லை, நடக்கிறார், இடம் நேரம் சொல்கிறார் என்றால் நேராக மனநல மருத்துவமனை. ஒரு பக்கத் தாள்: ஐந்து எண்களும் எடுத்த நேரமும், கொடுத்த மருந்து, கண்ட ஆபத்து, கூட வந்த உறவினர், எந்தச் சட்டப்பிரிவு, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் நேரமும். முப்பது நிமிடத்துக்கு மேல் வாங்க மறுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று இரு தரப்பிலும் ஒரு பெயரும் எண்ணும். மாதம் ஒரு முறை, சிக்கிய அழைப்புகளை மட்டும் எடுத்து எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் 2015-இல் தொடங்கிய மனநல ஆம்புலன்ஸில் இரண்டு மனநலச் செவிலியரும் ஒரு ஆம்புலன்ஸ் பணியாளரும் போகிறார்கள். அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989-இல் தொடங்கிய இதே மாதிரிக் குழு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஓடி, 2025-இல் அந்த நகரில் நின்றுபோனது. நன்கொடையை நம்பித் தொடங்குபவர்கள் மூன்றாம் ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து என்பதையும் இப்போதே அரசோடு பேசிவிடுங்கள்.

வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற அழைப்புகளுக்குத்தான் கூடுதல் வேலை. கிளம்பும் முன் மாத்திரை, பூச்சிமருந்து, எலி மருந்து வீட்டை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். "பீரோவில் பூட்டிட்டேன்" போதாது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. அவர் கைப்படவே ஒரு தாளில்: எந்த அறிகுறி வந்தால் மோசமாகிறது, அப்போது தானாக என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன், 14416. மறுநாள் போன், ஏழு நாளுக்குள் நேரில். மாவட்ட மனநலத் திட்ட வெளிநோயாளர் பிரிவில் தேதியும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும்.

---

வடசென்னை_அறக்கட்டளை

கடைசியாக ஒன்று. நன்கொடையாளர்கள் "மாதம் எத்தனை பேரை மீட்டீர்கள்" என்று கேட்கிறார்கள். எதை எண்ணிக் கொடுப்பது?

---

அடையாறு_சமூகப்பணி

அந்த எண்ணைக் கொடுக்கத் தொடங்கினால், ஏற்ற வேண்டாதவர்களையும் குழு ஏற்றும். மாறாக இவற்றைக் கொடுங்கள்: அழைப்பிலிருந்து வாசல் வரை ஆன நேரம், இருந்த இடத்திலேயே தீர்ந்தவை, கை வைத்துப் பிடித்தவை (ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு), காயம்பட்டவர்கள், அவர்கள் பக்கமும் நம் பக்கமும், ஒப்படைக்கக் காத்திருந்த நேரம், ஏழு நாள் சந்திப்பு நடந்தவை, 30 நாளுக்குள் திரும்ப அழைத்தவை.

திரும்ப அழைப்பதைத் தோல்விக் கணக்கில் போடாதீர்கள். கத்தி கைக்கு வந்த பிறகு அழைத்த வீடு, அடுத்த முறை தூக்கம் கெட்ட இரண்டாம் நாளே அழைக்கிறது என்றால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

---

இரவுப்பணி_செவிலி

அதோட ஒண்ணு சேர்த்துக்குங்க: ஒவ்வொரு அழைப்புக்கும் அப்புறம் வண்டியை ஓரமா நிறுத்தி 15 நிமிஷம், ஓட்டுநரையும் சேர்த்து. என்ன பார்த்தோம், எங்கே பயந்தோம், எந்தக் கேள்வியைப் போனில் விட்டோம். அது முடியற வரை அடுத்த அழைப்பை அந்த வண்டிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அழைப்பு மேசைக்குத் தலைவர்தான் எழுதிக் கொடுக்கணும். எழுத்தில் இல்லைன்னா ரெண்டாவது வாரமே அந்த 15 நிமிஷம் காணாமப் போயிடும்.